ஆறினால்தான் ருசி

சின்னச் சின்னத் தட்டுகளில் பல பண்டம் வைக்கும் துருக்கிக்காரர்களின் மெஸே விருந்தில் நம் ஊர்ச் சமையற்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்ளாத பழக்கம் ஒன்று உண்டு. வெந்த காயை அடுப்பிலிருந்து இறக்கி, மூடி போட்டு, அதே பாத்திரத்தில் விட்டுவிடுவார்கள். ஆவி அடங்க வேண்டும். எண்ணெயும் காயின் சாறும் ஒன்றுகூடிக் கெட்டிப்பட வேண்டும். கை வைத்தால் சூடே தெரியாத பதம் வந்த பிறகுதான் தட்டுக்கு மாற்றுவார்கள். ஆலிவ் எண்ணெயில் வேகும் பீன்ஸுக்கும், வெங்காயமும் தக்காளியும் அடைத்த கத்தரிக்காய்க்கும், திராட்சை இலையில் சுற்றிய சோற்றுக்கும் இதுதான் முறை. சுடச்சுட வாயில் போட்டால் உப்பு தனியாக, எண்ணெய் தனியாக, புளிப்பு தனியாகத் தெரியும். ஆறினால் மூன்றும் ஒரே ருசியாகிவிடும். மெஸே சமையலின் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இதற்கு அடுத்ததுதான் என்று நினைக்கிறேன்.

இதை அவிநாசியில் உட்கார்ந்து எழுதக் காரணம் சித்திரைத் தேர். கொங்கேழு தலங்களில் ஒன்றான அவிநாசிலிங்கேசுவரர் கோயில் தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. வடம் பிடிக்கும் நேரத்தைப் பத்திரிகையில் போட்டுவிடலாம். எந்த முக்கில் எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை முட்டுக்கட்டை வாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் ஒரம்பரையும் அப்படித்தான். திருப்பூரிலிருந்து வருகிறவர்கள் வெயிலுக்கு முன்னே வந்துவிடுவார்கள். சேவூர், அன்னூர்ப் பக்கத்துப் பங்காளிகள் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் தாண்டித்தான் படியேறுவார்கள். பெருமாநல்லூரில் கம்பெனி வைத்திருப்பவர்கள் ஷிப்மெண்ட் ஏற்றிவிட்டு விளக்கு வைத்த பிறகு வருவார்கள். அன்றைக்குக் கவிச்சி கிடையாது. மத்தியானம் இலைச் சாப்பாடு, அதில் கைவைக்க எனக்கு மனசும் வராது, உரிமையும் இல்லை. தொல்லையெல்லாம் சாயங்காலம்தான். ஐந்து மணிக்கு நாலு பேர், ஏழு மணிக்கு எட்டுப் பேர் என்று வருகிறவர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டே இருந்தால், வீட்டுப் பெண்கள் தேரை அடுக்களை ஜன்னல் வழியாகத்தான் கும்பிட வேண்டியிருக்கும்.

அந்தச் சாயங்காலத்துக்கு மெஸேயை விடப் பொருத்தமான விருந்து எனக்குத் தெரியாது. முதல் நாளே பாதி வேலை முடிந்துவிடும். தேரன்று காலையில் மீதி. பிறகு அடுப்பு அணைந்தே இருக்கும். எப்போது யார் வந்தாலும் சின்னச் சின்னத் தட்டுகளில் எடுத்து வைத்தால் போதும். நம் மரபில் வீட்டுக்காரர் இலைக்கு இலை நடந்து பந்தி விசாரிப்பது பெருமை. அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெஸேயில் விருந்து வைத்தவளும் முதல் வாயிலிருந்தே ஒரம்பரையோடு ஒட்டுக்கா உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சூடு பார்க்க வேண்டிய தேவை போனதும் எழுந்து ஓட வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

துருக்கி இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிய பெயரும் அல்ல. ஐரோப்பியக் கடைகளில் நம் பனியனும் அவர்கள் பனியனும் பக்கத்துப் பக்கத்து ஹேங்கரில் தொங்குகின்றன. பையர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது வங்கதேசத்தோடு சேர்த்து அவர் சொல்லும் இன்னொரு பெயர் துருக்கி. துண்டுக்குப் பேர்போன தெனிஸ்லியைக் கரூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இஸ்தான்புல்லில் நடக்கும் ஐ.டி.எம். ஜவுளி எந்திரக் கண்காட்சிக்குப் போய்வருகிறவர்கள் முன்பெல்லாம் லோக்கும் மிட்டாய்ப் பெட்டிதான் வாங்கி வருவார்கள். இப்போது சொல்லி அனுப்பினால் மிளகாய்ச் செதிலும் மாதுளைச் சாறும் உப்புநீரில் ஊறிய திராட்சை இலையும் பெட்டியில் வருகின்றன. தொழிலில் போட்டிக்காரர்களாக அறிந்த ஊர்களை அவர்கள் கைச்சமையல் வழியாகவும் அறிந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

துருக்கி என்றதும் கபாபும் கறியும்தான் நினைவுக்கு வரும். அங்கே இத்தனை சைவப் பண்டம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு காரணம் நோன்பு. உஸ்மானியர் காலத்து இஸ்தான்புல்லில் மது விற்கும் மெய்ஹானேக்களைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் கிரேக்கர்களும் ஆர்மேனியர்களும் யூதர்களும். காலத்தா பகுதியில் இருந்த இப்படிப்பட்ட கடைகளைப் பற்றி 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். கிரேக்க, ஆர்மேனியக் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் முட்டையும் ஆகாது. மிஞ்சியவை பருப்பு, காய், கீரை, எள், எண்ணெய். இவற்றை வைத்தே நாவுக்குச் சலிக்காமல் வாரக்கணக்கில் சமைத்தாக வேண்டும். ஆர்மேனியர்களின் தோபிக் அப்படிப் பிறந்த பண்டம். வெந்த கொண்டைக்கடலையையும் உருளைக்கிழங்கையும் மசித்து மேல்மாவாக்கி, நெடுநேரம் வதக்கிய வெங்காயம், எள் விழுது, உலர்திராட்சை, பட்டைப் பொடி எல்லாம் கலந்த பூரணத்தை உள்ளே வைத்து மூடுவார்கள். புரட்டாசியில் பழகிய நம் நாக்குக்கு இதில் அந்நியம் எதுவும் கிடையாது. கட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் சமையற்கட்டுக்குக் கூர்மை வருகிறது என்பதற்குத் தோபிக்கை விட நல்ல சாட்சி வேண்டாம்.

இன்னொரு காரணம் ஆலிவ் எண்ணெய். நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் ஆறினால் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். ஆலிவ் எண்ணெய் அறைச் சூட்டில் இளகியே இருக்கும். அதனால்தான் அய்வாலிக் போன்ற ஏஜியன் கடற்கரை ஊர்களில் ஆறவைத்துச் சாப்பிடும் சமையல் இவ்வளவு வளர்ந்தது. 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த மக்கள் பரிமாற்றத்தில் கிரீட் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள், தோட்டத்துக் கீரைகளையும் காட்டுக் கீரைகளையும் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுச் சாப்பிடும் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். நம் செக்குக் கடலெண்ணெயை இதற்குப் பதிலாக ஊற்றலாமா என்று கேட்பார்கள். கடலெண்ணெய்க்குத் தனி வாசம் உண்டு, அது வெந்த காயை அமுக்கிவிடும். நல்லெண்ணெய் அதற்கு மேல். இந்த ஒரு செலவைச் சுருக்கக் கூடாது.

இனிப் பண்டங்களுக்கு வருகிறேன். முதலில் சுட்ட கத்தரிக்காய், என் கணிப்பில் மெஸே மேசையின் உயிர் அதுதான்.

உருண்டு திரண்ட பெரிய கத்தரிக்காயாக, கையில் தூக்கினால் கனமில்லாமல் இருப்பதைப் பொறுக்க வேண்டும். கனத்தால் உள்ளே விதை. கேஸ் அடுப்பில் சுடலாம், வேலையும் ஆகிவிடும். ஆனால் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் மலிந்து கிடக்கும் தேங்காய்த் தொட்டிக் கரியில் சுட்டால் வரும் வாசமே தனி. நாலு இடத்தில் கத்தியால் குத்திவிட்டுத் தணலில் போட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். தோல் சாம்பல் பூத்து, காய் தானாகத் துவண்டு, காம்புப் பக்கத்தை அழுத்தினால் விரல் உள்ளே இறங்கும் வரை விட வேண்டும். பலர் தோல் கருகியதுமே எடுத்துவிடுகிறார்கள். காம்பை ஒட்டிய சதை கடைசியாகத்தான் வேகும். அது பச்சையாக நின்றால் முழுக் காயும் கசக்கும். எடுத்ததும் ஒரு போசியில் போட்டு மூடி, அதன் ஆவியிலேயே தோல் விட வைக்க வேண்டும். உரிக்கும்போது குழாயடியில் காட்டிக் கழுவுவது பெரிய பாவம். கரித்துகளோடு புகை வாசமும் போய்விடும். விரல்களை நனைத்து நனைத்துக் கையால்தான் உரிக்க வேண்டும். உரித்த சதையில் உடனே எலுமிச்சை பிழிந்தால் வெள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் பழுப்பேறும். பிறகு சல்லடையில் கால் மணி நேரம் வைத்தால் கசப்பு நீர் இறங்கிவிடும். மிக்ஸியில் போடக் கூடாது. பலகையில் வைத்துக் கத்தியால் கொத்த வேண்டும். நார்நாராகச் சதை தெரிந்தால்தான் வாயில் புகையும் இழையும் சேர்ந்து வரும். உப்பு வைத்து நசுக்கிய பூண்டு, கொஞ்சம் கெட்டித் தயிர், மேலே ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான்.

எங்கள் அமுச்சி இதே கத்தரிக்காயை அடுப்புத் தணலில் சுட்டு, சட்டியில் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து மத்தால் கடைவார். கொங்கு நாட்டுச் சமையலில் கடைசலுக்கு இருக்கும் மரியாதை தெரிந்தவர்களுக்கு மெஸேயின் பாதி புரிந்துவிட்டது என்று சொல்வேன். பச்சைப்பயறு, கொள்ளு, கீரை என்று எதையும் சட்டியில் கடைந்தே பழகிய கை நம்முடையது. துருக்கியில் உலர்ந்த மொச்சை இனத்துப் பருப்பைக் குழைய வேகவைத்து, மசித்து, சிறு தட்டில் உறையவிட்டு, துண்டு போட்டு, மேலே சதகுப்பைக் கீரை தூவுகிறார்கள். ஃபாவா என்று பெயர். கடைசலை உறைய வைத்து வில்லையாக வெட்டும் யோசனை நம் பக்கம் யாருக்கும் வராமல் போனது எனக்கு வருத்தம்.

அடுத்தது தயிர். ஹைதாரிக்கும், கேரட்டைத் துருவி எண்ணெயில் வதக்கிச் சேர்க்கும் தரதோருக்கும், காய்ந்த மிளகாயை வெண்ணெயில் பொரித்து மேலே கொட்டும் அதோமுக்கும் வேண்டியது நீர் வடித்த தயிர். பனியன் ஊரில் துணிக்கு என்ன பஞ்சம் என்று கட்டிங் வேஸ்டில் தயிரைக் கட்டித் தொங்கவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னல் துணி இழுத்த பக்கம் விரியும். பாரம் ஏற ஏறக் கண் திறந்து, நீரோடு தயிரும் இறங்கிவிடும். சாயமும் சாஃப்ட்னரும் ஏறிய துணி சமையற்கட்டுக்கு ஆகவும் ஆகாது. இதற்கு நெய்த துணிதான் வேண்டும். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஓடும் காடா துணி அருமையாகப் பொருந்தும். பாவுக்கு ஏற்றிய கஞ்சி போகும்படி இரண்டு தடவை கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்துக்கொள்ள வேண்டும். பழைய மல் வேட்டி இருந்தால் இன்னும் உத்தமம்.

சித்திரை வெயிலில் தயிர் ஒரு பொழுதுக்குள் புளித்துவிடும். புளித்த தயிரை வடித்தால் புளிப்பும் சேர்ந்து கெட்டியாகும். அதனால் சாயங்காலம் உறை ஊற்றி, உறைந்த கையோடு துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் சல்லடை வைத்து இரவெல்லாம் வடியவிட வேண்டும். ஒரு லிட்டர் தயிர் காலையில் பாதியாக இருக்க வேண்டும். ஸ்பூனைக் குத்தினால் நிற்க வேண்டும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். எருமைப் பால் தயிர் என்றால் ஹைதாரி வெண்ணெயாக வரும். அதில் நசுக்கிய பூண்டும், எண்ணெயில் ஒரு நொடி காட்டிய உலர்ந்த புதினாவும் சேர வேண்டும். பச்சைப் புதினா போட்டால் அது நம் பச்சடி. உலர்ந்த புதினாவுக்கு மண்வாசம் போன்ற ஆழம் உண்டு, அதுதான் ஹைதாரியின் அடையாளம். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி வைத்துக்கொண்டால் கடையில் தேட வேண்டியதில்லை.

மெர்ஜிமெக் கோஃப்தெயை இந்த ஊர் ஒரம்பரைக்கு முதலில் நீட்டுவேன். மைசூர் பருப்பும் புல்குர் கோதுமையும் சேர்ந்த பண்டம். ஒரு டம்ளர் பருப்பை மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஒரு டம்ளர் நைஸ் புல்குரைக் கொட்டிக் கிளறி மூட வேண்டும். அரை மணி நேரத்தில் கோதுமை பருப்பின் ஈரத்தை இழுத்துத் தானே உப்பிவிடும். இதற்குக் கடையில் கிடைக்கும் சம்பா கோதுமை ரவையைப் போட்டால் வராது. புல்குர் என்பது கோதுமையை முழுசாகப் புழுங்க வைத்து, காயவைத்து, உடைத்து, சலித்தது. நெல்லை அவித்துக் காயவைத்துப் பழகிய குடும்பங்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. பச்சை ரவை பருப்பின் சூட்டில் வேகாது. வாயில் நறநறக்கும், இல்லாவிட்டால் பசையாகும். புழுங்கிய கோதுமைக்கு ஈரம் மட்டும் போதும்.

பிறகு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து எண்ணெயில் நன்றாக வதக்கி, தக்காளி விழுதும் சிவப்பு மிளகாய் விழுதும் சீரகமும் சேர்த்து அதில் கொட்ட வேண்டும். வெங்காயத்தாள், பார்ஸ்லி, எலுமிச்சை. உப்பைப் பார்த்துக்கொண்டு உள்ளங்கையால் அழுத்திப் பிசைய வேண்டும். உருட்டுவது கிடையாது, பிடிப்பதுதான். ஒரு பிடி எடுத்து மூடிய கைக்குள் அழுத்தினால் நாலு விரல் தடமும் அதன் மேல் பதிந்து வரும், நம் பிடி கொழுக்கட்டை போல. அந்தத் தடத்தில்தான் எலுமிச்சைச் சாறு தங்கும், அதனால் தடம் அழகுக்காக மட்டும் இல்லை. லெட்டூஸ் இலை ஒன்றில் வைத்து, இலையோடு சுருட்டிக் கடிக்க வேண்டும். துருக்கியில் பெண்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி, முறை வைத்து ஆளுக்குக் கொஞ்சம் தங்கமோ பணமோ சேர்த்துக் கொடுக்கும் தங்க நாள் என்ற கூட்டம் உண்டு. நம் சீட்டுப் பணம் மாதிரிதான். அந்தக் கூட்டங்களில் இந்தக் கோஃப்தெயும், புல்குரில் கலக்கும் கிசிரும் கட்டாயம் இருக்கும்.

சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, அக்ரூட்டும் ரொட்டித் தூளும் மாதுளைச் சாறும் சேர்த்து இடிக்கும் முஹம்மராவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சிரியாவின் அலெப்போவும் துருக்கியின் அந்தாக்யா, காஸியான்தெப் ஊர்களும் பங்கு போட்டுக்கொள்ளும் பண்டம் இது. குடைமிளகாய்க்குக் கஷ்டமில்லை, ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து நல்லதாக வருகிறது. கஷ்டம் மாதுளையில். அவர்கள் புளிப்பு மாதுளையின் சாற்றைத் தேன் பதத்துக்குக் காய்ச்சுகிறார்கள். நம் சந்தைக்கு வரும் பகவா ரகம் தித்திப்பு. அதைக் காய்ச்சினால் பாகுதான் மிஞ்சும். காய்ச்சி இறக்கும்போது தாராளமாக எலுமிச்சை பிழிந்தால் ஓரளவு நெருங்கலாம். புளி வேண்டாம். புளியின் ருசி சட்டென்று குழம்பை நினைவுபடுத்தி, அக்ரூட்டை மறைத்துவிடும். அக்ரூட்டை ஒன்று கடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் வெயிலில் சீக்கிரம் காறல் ஏறும் பருப்பு அது. விழுதாக அரைக்காமல் கொரகொரவென்று இடிக்க வேண்டும்.

இதில் சேரும் மிளகாய்ச் செதில் மராஷ் ஊர்ப் பெயரால் வழங்குவது. காரம் குறைவு, எண்ணெய்ப் பசையும் பழ வாசமும் அதிகம். பக்கத்து ஊர்பா நாட்டு இஸோத் மிளகாயைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிப் புழுங்கவிடுவார்கள். அதனால் கறுத்து, கொஞ்சம் புகையும் சேர்ந்த ருசி வரும். இந்த மிளகாய்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் 2023 பிப்ரவரி 6 நினைவுக்கு வருகிறது. அன்று அதிகாலை காஹ்ரமான்மராஷைச் சுற்றி வந்த நிலநடுக்கத்தில் துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தாக்யாவின் பழைய கடைவீதி பலத்த சேதமடைந்தது. அந்தாக்யா இருக்கும் ஹதாய்க்கு 2017இலும் காஸியான்தெப்புக்கு 2015இலும் யுனெஸ்கோ சமையல் கலை நகரம் என்ற பெயரைக் கொடுத்திருந்தது. மராஷ் நூலாலைகளின் ஊர், நம்மைப் போலவே பருத்தியை நம்பிப் பிழைக்கும் ஊர். அந்தச் சமையலை அந்த ஊர்களின் பெயரைச் சொல்லியே பரிமாற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பொதுவாக 'அரேபியன் டிப்' என்று சொல்லி வைப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகப் படவில்லை.

திராட்சை இலைச் சர்மாவுக்குப் பொறுமை வேண்டும், கூட நாலு கையும் வேண்டும். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இலை கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் மருந்து அடிக்காத கொடி என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய வாங்கக் கூடாது. பாட்டிலில் வரும் இலையை வெந்நீரில் போட்டு உப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துவதே நல்லது. உள்ளே வைக்கும் சோற்றுக்கு வெங்காயம்தான் அடிப்படை. அரிசிக்குச் சமமாக வெங்காயம் இருக்க வேண்டும், அது ஆலிவ் எண்ணெயில் நிறம் மாறாமல் மெதுவாகக் குழைய வேண்டும். அதில் பொன்னிப் பச்சரிசி, கறுப்பு உலர்திராட்சை, உலர்ந்த புதினா, பட்டை, ஆல்ஸ்பைஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. பைன் கொட்டை விலை எட்டாவிட்டால் முந்திரியைப் பொடியாக நறுக்கிப் போடலாம். சீரகச் சம்பாவைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். அதன் வாசம் புதினாவோடு சண்டை போடும், வேண்டாம்.

இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் சுற்றி முடித்ததும் பளபளப்புப் பக்கம் வெளியே வரும். காம்பைக் கிள்ளிவிட்டு, அரைக் கரண்டி பூரணத்தை நீளமாக வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்து, சுண்டு விரல் கனத்துக்குச் சுருட்ட வேண்டும். இறுக்கினால் அரிசி உப்பும்போது வெடிக்கும், தளர்த்தினால் அவிழும். இந்தப் பக்குவத்தை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது, பத்து இலை சுற்றினால் விரலுக்கே தெரிந்துவிடும். கிழிந்த இலைகளைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, சுற்றியவற்றை நெருக்கி அடுக்கி, எலுமிச்சை வில்லை வைத்து, தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, அசையாமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்க்க வேண்டும். சிறு தீயில் முக்கால் மணி நேரம். பிறகு திறந்துகூடப் பார்க்காமல் ஆறவிட வேண்டும். சூட்டோடு எடுத்தால் இலை கிழியும். எங்கள் வீட்டில் தேருக்கு முந்தின ராத்திரி நங்கையாவும் சித்தியும் நானும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து இதைச் சுற்றுகிறோம். வருசத்தில் மூன்று பேரும் சாவகாசமாகப் பேசிக்கொள்ளும் பொழுதும் அதுதான்.

நம் வெயிலில் ஒரு எச்சரிக்கை. ஆறவைப்பது என்றால் வெளியே போட்டுவைப்பது என்று அர்த்தம் இல்லை. சோறு உள்ளவையும் தயிர் உள்ளவையும் சூடு இறங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். பரிமாற அரை மணிக்கு முன் ஆலிவ் எண்ணெய்ப் பண்டங்களை வெளியே எடுத்தால் உறைந்த எண்ணெய் இளகி ருசி திரும்பும். தயிர்ப் பண்டங்களைக் கடைசி நேரத்தில்தான் எடுக்க வேண்டும்.

மேசையில் எட்டுத் தட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. இருபது வகை வைத்துப் பிரமிக்க வைப்பது ஹோட்டல் பஃபேயின் ஆசை. மெஸேயின் அழகு ஒன்றுக்கொன்று பேசும்படி வைப்பதில் இருக்கிறது. புகை வாசக் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் குளிர்ந்த ஹைதாரி. காரமான தக்காளி எஸ்மெக்குப் பக்கத்தில் சாதுவான ஃபாவா. முஹம்மராவின் கனத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த சர்மா. தயிர் சேர்ந்தவை இரண்டு அடுத்தடுத்து வேண்டாம். தட்டு சின்னதாக இருக்க வேண்டும், குவிக்காமல் மெல்லப் பரப்பி வைக்க வேண்டும், தீரத் தீர நிரப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பு வெண்பாலாடைக் கட்டியும் முலாம்பழத் துண்டும். மெய்ஹானேக்களில் தொடக்கமே இதுதான், சித்திரையில் நமக்கும் முலாம்பழம் மலிந்து கிடக்கும் நேரம். பன்னீரை உப்புநீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் அந்த உப்புக் கரிப்பு ஓரளவு வந்துவிடும்.

அங்கே இதோடு குடிப்பது ராக்கி என்ற மது. தேர் நாளில் எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. அய்ரான் போதும். தயிர், தண்ணீர், உப்பு மூன்றும் நுரைக்க அடித்தது. மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தேடுகிறவர்களிடம் ஒரு டம்ளர் மட்டும் வெறுமனே குடிக்கச் சொல்லிக் கெஞ்சுவேன். இத்தனை பூண்டுக்கும் மிளகாய்க்கும் நடுவே நாக்கைக் கழுவிவிடத் தாளிப்பில்லாத மோர்தான் சரி.

கொத்துமல்லியும் கரம் மசாலாவும் சேர்த்து நம் ருசிக்கு மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில், நம் ருசிக்கு நம்மிடம் ஆயிரம் பண்டம் இருக்கிறது என்பதுதான். விருந்தாளியாக வந்த சமையலை அதன் உடையிலேயே உட்கார வைக்க வேண்டும். இஸ்தான்புல்லின் கதிகோய் பகுதியில் சியா உணவகத்தை நடத்தும் மூசா தாதெவிரென் ஊர் ஊராக அலைந்து மறந்துபோன நாட்டுப்புறப் பண்டங்களைச் சேகரித்து, 2019இல் பெரிய புத்தகமாகவும் கொண்டுவந்தார். எந்தப் பண்டம் எந்த ஊருடையது என்று அவர் ஒவ்வொன்றுக்கும் குறித்துவைக்கிறார். அந்தக் கவனம் சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் வேண்டியது.

போன தேருக்குப் பெரியப்பா கோஃப்தெ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார். "ஏன் அம்மிணி, எல்லாம் ஆறிக் கெடக்குதே, கொஞ்சம் சுட வெச்சுக் குடுக்கறதில்லயா?"

"ஆறுனாத்தானுங் பெரியப்பா இதுக்கு ருசி. இலையோட சேத்துக் கடிச்சுப் பாருங்."

கடித்தார். "பருப்புத்தான? எந்தப் பருப்பு?"

"மைசூர் பருப்புங்."

"உருட்டாம எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கற?" என்று விரல் தடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். எலுமிச்சை தங்குவதைச் சொன்னேன். இன்னொன்றை எடுத்து, தானே பிழிந்து, சாறு தடத்தில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். அதன் பிறகு ஹைதாரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தயிரை எந்தத் துணியில் கட்டினாய் என்று ஆரம்பித்தார். நாற்பது வருசம் தறி ஓட்டியவர். கண்ணெண்ணிக்கை, கஞ்சி, அலசிய விதம் வரைக்கும் விசாரித்தார்.

ரொட்டி பற்றி ஒன்று. பேக்கரி பன்னும் பிரெட்டும் இதற்குச் சேராது, இரண்டிலும் இனிப்பு உண்டு. மைதாவும் தயிரும் கொஞ்சம் ஈஸ்ட்டும் வைத்துப் பிசைந்து, கனமாகத் தட்டி, இரும்பு தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டால் பிதே ரொட்டிக்கு நெருக்கமாக வரும். பத்துப் பேருக்கு இருபது ரொட்டி, ஒரு லிட்டர் தயிரில் வடித்த ஹைதாரி, நாலு பெரிய கத்தரிக்காய், இரண்டு டம்ளர் பருப்பில் பிடித்த கோஃப்தெ என்று கணக்கு வைத்துக்கொண்டால் மிஞ்சாது, குறையவும் குறையாது. சர்மாவுக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். அது மறுநாள் காலையில்தான் முழு ருசிக்கு வருகிறது, தேர் நிலை சேருவதைப் பார்க்கப் போகிறவர்கள் டப்பாவில் கேட்டு வாங்கிப் போவார்கள்.